தமுக்கத்தைக் கூறு போட்டது போதும்

மதுரை மாநகராட்சியிடமும் தமிழ்நாடு அரசிடமும் நேராகவே கேட்கிறோம். தமுக்கத்தை ஒரே இடமாகப் பார்க்க உங்களுக்கு எப்போது மனம் வரும்? நாயக்கர் காலத்து மாளிகை ஒன்று, அதன் முன்னே பரந்த வெளி, சுற்றிலும் மரங்கள், உள்ளே அருங்காட்சியகமும் நூலகமும். இத்தனையும் ஒருசேரக் கையில் கிடைத்த ஊர்கள் இந்த நாட்டில் மிகச் சில. கிடைத்ததைத் துறைவாரியாகப் பங்கு போட்டீர்கள். வேலி கட்டி ஆளுக்கொரு பெயர்ப்பலகை மாட்டினீர்கள். கடைசியில், நடுவே மிச்சமிருந்த வெளியிலும் கட்டடத்தை எழுப்பிவிட்டீர்கள். இதைக் கண்டிக்காமல் விட்டால் அடுத்த கூறும் விழும். அதனால்தான் இந்தத் தலையங்கம்.

சிம்மக்கல்லில் இருந்து யானைக்கல் வந்து, 1889இல் கட்டிய ஏ.வி. பாலத்தில் ஏறி வைகையைக் கடந்து, கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டினால் தமுக்கம் வந்துவிடும். நடந்தே போகிற தூரம். மாநகராட்சியின் அண்ணா மாளிகை அங்கேயே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எங்கோ மலைக்காட்டில் மறந்துபோன கோட்டையைப் பற்றி நாம் பேசவில்லை. இந்த நகரத்தை ஆளுகிறவர்கள் தினமும் காரில் கடந்துபோகிற இடம் இது. தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

ராணி மங்கம்மாள் கோடை மாளிகை என்று ஊர் சொல்லும் அந்தக் கட்டடத்தின் அழகு அதன் சுவர்களில் மட்டும் இல்லை. அது எதைப் பார்த்து நிற்கிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. அரச குடும்பம் உயரத்தில் அமர்ந்து கீழே வெளியில் நடக்கும் யானைப் போரையும் விளையாட்டுகளையும் வேடிக்கை பார்த்த இடம் இது. மாளிகையும் மைதானமும் ஒரே அமைப்பின் இரண்டு பாதிகள். நாயக்கர் ஆட்சி போய், ஆற்காட்டு நவாப் போய், கும்பினி வந்து, ஆங்கிலேய அதிகாரிகள் அங்கே குடியேறிய பிறகும் அந்த வெளி வெளியாகவே இருந்தது. வரி வசூலிக்க வந்த கும்பினிக்காரனுக்குக்கூட அதை நிரப்பத் தோன்றவில்லை.

விடுதலைக்குப் பிறகு நல்லதொரு காரியம் நடந்தது. 1955இல் சென்னை மாநில அரசு இந்த மாளிகையையும் சுமார் 13 ஏக்கர் நிலத்தையும் காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேரு வந்து காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். ராணிக்காகக் கட்டிய மாளிகைக்குள் சிம்மக்கல் வாழைக்காய் வியாபாரியும், செல்லூர் தறிக்காரரும், மேலூரில் இருந்து பஸ் ஏறி வந்த விவசாயியும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார்கள். இன்றும் அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு அரசு தன் மக்களுக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அது. 1955இல் இருந்த அந்தப் பெருந்தன்மையை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் பின்னால் வந்தவர்களை எடைபோட வேண்டியிருக்கிறது.

காந்திக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில்தான் அவர் சட்டையையும் தொப்பியையும் விட்டு, முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் எல்லாரையும் விடாதவரை தானும் நுழைவதில்லை என்று இருந்தவர், 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசத்துக்குப் பிறகு, 1946இல் வந்து அம்மனைத் தரிசித்தார். அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணி தமுக்கம் மாளிகையில் இருக்கிறது. அரை வேட்டிக்கு மாறிய ஊருக்கே அந்தத் துணி வந்து சேர்ந்தது. இதைவிடப் பெரிய பொறுப்பை எந்த நகரத்தின் கையில் ஒப்படைக்க முடியும்?

அந்தப் பொறுப்பை நாம் சுமந்த விதத்தைப் பார்ப்போம்.

1981இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தபோது, அரசு அருங்காட்சியகம் இதே வளாகத்துக்குள் வந்தது. தமுக்கத்தின் முகப்பில் தமிழன்னை சிலை எழுந்தது. உலகத் தமிழ்ச் சங்கம் அமைப்போம் என்ற அறிவிப்பும் அதே மாநாட்டில்தான் வந்தது. அதற்குக் கட்டடம் திறக்க 2016 வரை ஆனது. 35 ஆண்டுகள். இன்றைய நிலை இது: காந்தி அருங்காட்சியகம் அறக்கட்டளையின் பொறுப்பில். அதன் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் அரசு அருங்காட்சியகம் அருங்காட்சியகத் துறையின் கையில். பக்கத்து ராஜாஜி சிறுவர் பூங்காவும் மைதானமும் மாநகராட்சியிடம். உலகத் தமிழ்ச் சங்கம் தமிழ் வளர்ச்சித் துறையின் கீழ். நான்கு நிர்வாகங்கள், நான்கு கோப்புகள், தனித்தனி வாசல்கள். வெளியூரில் இருந்து குழந்தைகளோடு வருகிற குடும்பம் ஒன்றைப் பார்த்து முடித்து வெளியே வந்து, வாகன நெரிசலில் நின்று, அடுத்தது எங்கே என்று ஆட்டோக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறது. இவற்றை ஒரே நடைபாதையில் இணைக்க வேண்டும் என்று இத்தனை காலத்தில் எந்தத் துறைக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அது நடந்திருக்கும். குறுக்கே மலையா இருக்கிறது?

இந்த அலட்சியத்தை மன்னிக்கலாம். மைதானத்துக்குச் செய்ததை மன்னிக்க முடியாது.

தமுக்கம் மைதானம் என்றால் மதுரைக்காரருக்கு என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சித்திரைத் திருவிழாவையொட்டிய பொருட்காட்சி, புத்தகத் திருவிழா, கட்சி மாநாடுகள், சர்க்கஸ். அழகர் மலையிறங்கி வரும் நாட்களில் தல்லாகுளம் பக்கம் திரளும் லட்சக்கணக்கான மக்கள் இரவெல்லாம் கால் நீட்டிப் படுக்க இந்தப் பகுதியில் எஞ்சியிருந்த பெரிய வெற்றிடம். கையில் காசில்லாதவனும் பகலிலும் இரவிலும் போய் உட்காரலாம் என்றிருந்த நிலம்.

சீர்மிகு நகரத் திட்டத்தில் மதுரை 2016இல் இடம்பெற்றது. அந்தப் பணத்தில் தமுக்கம் மைதானத்தில் 47 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒரு மாநாட்டு மையம் கட்டி, 2022 செப்டம்பரில் திறந்தார்கள். ஒரு ஆட்சியில் தொடங்கி இன்னொரு ஆட்சியில் முடிந்த திட்டம் என்பதால், இரண்டு பெரிய கட்சிகளும் இதற்குப் பொறுப்பு. இதில் ஒருவர்மீது ஒருவர் பழிபோட இடமில்லை. இரண்டு தரப்பையும் நாம் ஒரே குரலில் கண்டிக்கிறோம்.

மாநாட்டு மையம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வளரும் ஊருக்கு அது தேவைதான். ஆனால் மாட்டுத்தாவணிப் பக்கமோ, சுற்றுச்சாலையை ஒட்டியோ இடமே இல்லாமல் போய்விட்டதா? முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் எவரும் நிரப்பாத வெளிதான் கிடைத்ததா? வாதத்துக்காகக் கேட்கவில்லை. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது மாற்று இடங்கள் ஆராயப்பட்டனவா, தொல்லியல் துறையின் கருத்து கேட்கப்பட்டதா, கேட்கப்பட்டிருந்தால் அது என்ன சொன்னது? அந்தக் கோப்பை மாநகராட்சி மக்கள் முன் வைக்க வேண்டும். இதே திட்டத்தின் கீழ்தான் விளக்குத்தூணையும் பத்துத்தூணையும் திருமலை நாயக்கர் மகாலையும் இணைத்துப் பாரம்பரிய வழித்தடம் அமைக்கப் பணம் ஒதுக்கினார்கள். ஆற்றுக்குத் தென்கரையில் நாயக்கர் காலத்தைக் காப்பாற்றுகிறோம் என்று கல் பதித்தவர்கள், வடகரையில் அதே காலத்து வெளியில் கான்கிரீட் ஊற்றினார்கள். ஒரே மேசையில் இருந்து இரண்டு உத்தரவுகளும் போயிருக்கின்றன.

குளிரூட்டிய அரங்கு வாடகைக்குக் கிடைக்கும் இடம். வாடகை கொடுக்க முடிந்தவருக்கு அது திறக்கும். வெட்டவெளி அப்படி ஆள் பார்த்துத் திறப்பதில்லை. ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொதுவாக இருந்த ஒன்று போய், முன்பதிவு செய்தவருக்கு மட்டும் உரியது வந்திருக்கிறது. மாநகராட்சிக் கணக்கில் இது வருமானம் என்று எழுதப்படும். மக்கள் கணக்கில் இது இழப்பு.

இப்படிக் கூறு கூறாகப் போனால் கடைசியில் என்ன மிஞ்சும் என்று மதுரைக்குத் தெரியும். 1636இல் திருமலை நாயக்கர் கட்டிய மகாலில் இன்று நிற்பது நாலில் ஒரு பங்குதான். அவருடைய பேரன் சொக்கநாதரே பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். மிச்சத்தையும் காலமும் கவனக்குறைவும் தின்றன. நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது பழுதுபார்த்திராவிட்டால் இப்போது இருப்பதும் இருந்திருக்காது. அந்த அரண்மனையின் பத்துத் தூண்கள் இன்று ஒரு சந்துக்குள் நிற்கின்றன. ஜவுளிக்கடைகளுக்கு நடுவில், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில், மேலே தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. கீழே துணி மூட்டை இறக்குகிறவருக்கு அது ஒரு கல்தூண், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தூண்கள் எதைத் தாங்கின என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. தமுக்கம் மாளிகையும் ஒருநாள் நாலு புறமும் கட்டடங்களுக்கு நடுவே இப்படி ஒற்றையாக நிற்பதைப் பார்க்க நாம் தயாராக இல்லை.

மாளிகையின் வரலாற்றுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. அங்குள்ள காட்சிக்கூடங்கள் விடுதலைப் போரையும் காந்தியின் வாழ்வையும் சொல்கின்றன. 1939 ஜூலையில் ஹிட்லரை நண்பர் என்று விளித்துப் போரைத் தவிர்க்கச் சொல்லி காந்தி எழுதிய கடிதத்தை அங்கே ஒரு பள்ளி மாணவி நின்று படிக்கலாம். அந்த வேலையை அருங்காட்சியகம் செய்கிறது. ஆனால் அந்த மாணவி நிற்கிற கூடத்தை யார் கட்டியது, எப்போது கட்டியது? 1670 வாக்கில் ராணி மங்கம்மாள் கட்டியது என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதிவிட்டார்கள். 1670இல் மதுரையை ஆண்டவர் மங்கம்மாளின் கணவர் சொக்கநாத நாயக்கர். மங்கம்மாள் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றது 1689இல். அப்படியானால் இது பட்டத்தரசி எழுப்பிய மாளிகையா, சொக்கநாதர் கட்டி மங்கம்மாள் பெயர் பெற்றதா, பல கட்டங்களில் வளர்ந்ததா? கட்டுமானப் பொருள்களை ஆராய்ந்து, ஆவணங்களோடு ஒப்பிட்டு, தெளிவான ஒரு விடையை மாளிகை வாசலில் எழுதிவைக்க மாநிலத் தொல்லியல் துறையால் முடியாதா? கீழடியில் மண்ணின் அடுக்குகளைக் காலம் கணித்து உலகுக்குச் சொன்ன துறை அது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தோண்டத் தெரிந்தவர்களுக்கு, நகரத்தின் நடுவில் நிற்கிற சுவரைப் படிக்கத் தெரியாதா?

சுவர் என்றதும் ஒரு எச்சரிக்கை. நாயக்கர் காலக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் ஊற்றி அரைத்த சாந்து அது. அந்தச் சுவர் மழையில் நீரை வாங்கும், வெயிலில் விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. உப்புப் பூத்து, சில மழைக்காலத்துக்குள் பூச்சு பொருமி, பழைய செங்கல்லையும் சேர்த்துக் கொண்டு விழும். தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில் மண்டபங்களிலும் சத்திரங்களிலும் இந்தக் கொடுமை நடந்திருக்கிறது. தமுக்கத்தில் இனி நடக்கும் எந்தப் புதுப்பிப்பும் மரபுக் கட்டடப் பாதுகாப்பு தெரிந்த பொறியாளர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். பொதுப்பணித்துறையின் வழக்கமான விலைப்பட்டியலை வைத்து இங்கே ஒப்பந்தம் விடக் கூடாது.

துணி இன்னும் மென்மையானது. பருத்தி நூலை வெளிச்சம் அரிக்கும். புற ஊதாக் கதிர் பட்டால் இன்னும் விரைவாக அரிக்கும். காற்றில் ஈரம் ஏறி ஏறி இறங்கினால் இழை சுருங்கி விரிந்து தளரும். உலகெங்கும் பழந்துணிகளை 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் படாமல் வைக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் 40 பாகையைத் தொடும் ஊர் மதுரை. ஐப்பசியில் சுவரே வியர்க்கும். காந்தியின் இரத்தம் படிந்த துணி இருக்கும் பெட்டிக்குள் வெப்பமும் ஈரப்பதமும் வெளிச்சமும் எவ்வளவு என்று தினமும் அளந்து, அந்தப் பதிவை யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதற்கான கருவிக்கும் ஆளுக்கும் ஆகும் செலவை மத்திய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும். ஒரு அறக்கட்டளை தன் சொற்ப வரவுக்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுகிற சமாச்சாரம் அல்ல இது. அந்தத் துணி கிழிந்தால் இன்னொன்று நெய்து வைக்க முடியாது. அங்கே பணிபுரிகிற ஊழியர்கள்மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். நம் கோபமெல்லாம் அவர்களுக்கு மேலே, நிதிக் கோப்புகளில் கையெழுத்திடும் இடங்களில் இருப்பவர்கள்மீதுதான்.

நூலகத்துக்கு வருவோம். நமக்கு அதிக வருத்தம் தருவது இதுதான்.

சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்குக் காலை நேரம் போய்ப் பாருங்கள். சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக, அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். திருமங்கலத்தில் இருந்தும் உசிலம்பட்டியில் இருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள் உண்டு. படிப்புத் தாகம் இந்த ஊரில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. அதை மனமார வரவேற்கிறோம். தமிழ்ச் சங்கம் சாலையில், 1901இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கமும் அதன் பாண்டியன் நூலகமும் இருக்கின்றன. சொற்பொழிவாற்ற மதுரைக்கு வந்த தேவர், கம்பராமாயணமும் திருக்குறளும் பார்க்கக் கேட்டபோது ஊரில் ஒரு பிரதி கிடைக்கவில்லை என்றும், அந்த வேதனையில் சங்கத்தைத் தொடங்கினார் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். காந்தி அருங்காட்சியகத்தில் காந்தியம் பற்றிய நூல்கள், பழைய இதழ்கள், ஆய்வுக்கான இடம் எல்லாம் உண்டு. உலகத் தமிழ்ச் சங்கத்திலும் ஒரு நூலகம் உண்டு.

ஐந்து நூலகங்கள். நடுவில் ஒரு ஆறு மட்டும்தான் ஓடுகிறது. ஆனால் இந்த ஐந்திலும் என்ன இருக்கிறது என்று ஒரே இடத்தில் தேடிப் பார்க்கிற பொது நூற்பட்டியல் இல்லை. மதுரை வட்டாரத்து ஆலயப் பிரவேசத்தைப் பற்றியோ ஹார்வி மில் தொழிலாளர்களைப் பற்றியோ ஆய்வு செய்கிற மாணவி, ஒரு பழைய இதழுக்காக ஐந்து வாசல் ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்கியும் கிடைக்காமல் சென்னைக்கு ரயில் ஏறுவாள். ஒரு பொது நூற்பட்டியலுக்கு ஆகும் செலவு மாநாட்டு மையத்தின் செலவோடு ஒப்பிட்டால் மிக அற்பம். மதுரையில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சொத்துவரியில் 10 சதவீதம் நூலக வரியாகக் கட்டுகிறோம். இந்திய விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதலில், 1948இல், நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. வரி கட்டியவர்கள் கேட்பதில் என்ன தவறு?

இந்த ஊரில் ஒரு வலுவான ஆய்வு நூலகம் இல்லாததன் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம். மதுரையில் இருந்து சில மணி நேரத் தொலைவில், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் இருந்தன. அவர் மறைந்த பிறகு அவற்றைக் காப்பாற்ற முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நல்லவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது, அதில் மகிழ்ச்சிதான். ஆனால் கோட்டையூருக்குப் பக்கத்துப் பெருநகரமான மதுரை அன்று கைநீட்டக்கூட இல்லை. இன்றும் செட்டிநாட்டிலும் இராமநாதபுரத்திலும் திண்டுக்கல் பக்கத்திலும் பழைய வீடுகளின் மச்சில் ஓலைச்சுவடியும் கணக்கேடும் கடிதக்கட்டும் கரையான் வாயில் கிடக்கின்றன. கொண்டுவந்து கொடுக்க மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். வாங்கி வைத்துப் பாதுகாக்க, தமுக்கத்தில் ஒரு அறையைத் திறப்பதற்கு என்ன தடை?

ஒரே கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் நிறைய உண்டு. காந்தி சுடப்பட்ட டெல்லி பிர்லா மாளிகையை அரசு 1971இல் வாங்கி, 1973இல் மக்களுக்குத் திறந்தது. அதையும் ராஜகாட்டில் உள்ள காந்தி தரிசன வளாகத்தையும் இணைத்து 1984இல் ஒரே தன்னாட்சி அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். இரண்டும் தனித்தனி இடங்கள், நடுவே சில கிலோமீட்டர். டெல்லியில் அப்படி முடிந்தது. மதுரையில் ஒரே சுவருக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் இருப்பதை இணைக்க முடியவில்லை. தஞ்சை அரண்மனையின் சரசுவதி மகால் 1918இல் பொது நூலகமானது. அரண்மனை பார்க்க வருகிறவர் சுவடிகளையும் சிற்பங்களையும் ஒரே வளாகத்துக்குள் பார்த்துவிட்டுப் போகிறார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரயில் முதலாளி ஹன்டிங்டன் தன் பண்ணை மாளிகையையும் நூல்களையும் ஓவியங்களையும் தோட்டங்களையும் 1919இல் ஒரே அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்தார். 200 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த இடத்தில் இன்று ஆய்வாளர்கள் ஒரு பக்கம், பள்ளிப் பிள்ளைகள் ஒரு பக்கம், தோட்டம் பார்க்க வருகிறவர்கள் ஒரு பக்கம். நம்மிடம் அந்த அளவு நிலமும் பணமும் இல்லை. அவர்களிடம் இல்லாத காந்தியின் துணி நம்மிடம் இருக்கிறது.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மரபுக் கட்டடங்களைக் காக்க ஒரு ஆணையம் அமைக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2012இல் நிறைவேற்றியது. பத்தாண்டுக்கு மேல் அது நடைமுறைக்கு வராமலேயே கிடந்தது. அந்த இடைவெளியில்தான் தமுக்கத்தில் அடித்தளம் தோண்டினார்கள். இதைத் தற்செயல் என்று கடந்துபோக நம்மால் முடியவில்லை.

மனம் வைத்தால் மதுரையில் முடியும் என்பதையும் பார்த்திருக்கிறோம். புதுமண்டபத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்ற முடியாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மாற்றினார்கள்.  அங்கே முடிந்தது, அரசு அமைப்புகளும் ஒரு அறக்கட்டளையும் மட்டுமே சம்பந்தப்பட்ட தமுக்கத்தில் ஏன் முடியாது?

எனவே நாம் கேட்பது இது. மாளிகை, இரண்டு அருங்காட்சியகங்கள், பூங்கா, எஞ்சிய மைதானம் எல்லாவற்றையும் சேர்த்துத் தமுக்கம் மரபு வளாகம் என்று அரசாணை வெளியிட வேண்டும். 1955இல் ஒப்படைத்த நிலத்தின் இன்றைய எல்லையை அளந்து வரைபடத்தோடு வெளியிட வேண்டும். அந்த எல்லைக்குள்ளும் மைதானத்திலும் இனி ஒரு செங்கல்லும் புதிதாக வைக்கக் கூடாது. உணவகம், கார் நிறுத்தம், விளம்பர வளைவு எதுவுமே கூடாது. எஞ்சிய வெளி மக்களுக்குக் கட்டணமில்லாமல் திறந்திருக்க வேண்டும். உள்வேலிகளை எடுத்துவிட்டு, பூங்காவில் நுழைந்தவர் மர நிழலிலேயே நடந்து மாளிகைக்கும் அங்கிருந்து உலகத் தமிழ்ச் சங்கத்துக்கும் போகும் பாதை வேண்டும். வேம்பும் புங்கனும் மருதும் நட்டால் போதும். அழகுச் செடி வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். நான்கு நிர்வாகங்களும் உட்காரும் ஒரே குழு அமைந்து, அதில் வரலாற்றாசிரியர்களும் நூலகர்களும் இந்த ஊர் மக்களும் இடம்பெற வேண்டும். மாநாட்டு மையத்தின் வாடகை வருவாயில் ஒரு பங்கு, சட்டப்படி, மாளிகையின் பராமரிப்புக்கும் நூலகத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும். மாளிகையின் வெளியைத் தின்று எழுந்த கட்டடம் அந்தக் கடனையாவது அடைக்கட்டும்.

மாநகராட்சியின் நூறு வார்டு உறுப்பினர்களுக்கும் இந்தத் தலையங்கத்தின் படி அனுப்பப்படுகிறது. அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்துத் தீர்மானம் கொண்டுவர உங்களில் ஒருவர் எழுந்தால் போதும். யார் எழுந்தார்கள், யார் எதிர்த்தார்கள், யார் வாய்மூடி இருந்தார்கள் என்பதைப் பெயரோடு அடுத்த இதழில் வெளியிடுவோம். வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வார்டு உறுப்பினரை இந்த வாரமே நேரில் பார்த்து, தமுக்கத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.